ஐந்து மாதத்துக்கு ஒருமுறை எழுதுபவரையும் தவறவிடாத வாசிப்பான்

மேலூர் வட்டாரத்துக் கண்மாய்கள் பலவற்றில் குமிழித்தூண் என்று சொல்லப்படும் கல்தூண்களைப் பார்க்கலாம். கண்மாயின் உட்புறம் இரண்டு தூண்களை நட்டு, இடையில் குறுக்குக் கற்களைப் பொருத்தி, அடியிலுள்ள மடையின் வழியாகத் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய ஏற்பாடு அது. சில தூண்களில் அவற்றை நிறுத்தியவரின் பெயரும் ஊரும் வெட்டப்பட்டிருக்கும். 2023ஆம் ஆண்டு ஆவணியில் அப்படிப்பட்ட ஒரு தூணைப் பற்றி, பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் வலைப்பூவில் எழுதியிருந்தார். மடையைப் பழுதுபார்க்கும் வேலை தொடங்கவிருக்கிறது, எழுத்துகளைப் பார்க்க விரும்புவோர் அதற்குள் வந்து பார்த்துவிடுங்கள் என்பதே அந்தப் பதிவின் சாரம். நான் அதைப் படித்தது புரட்டாசிக் கடைசியில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, தூண் இடுப்பளவு உயரத்துக்குச் சிமெண்டால் பூசப்பட்டிருந்தது. எழுத்துகள் பூச்சுக்கு உள்ளே இருந்தன.

அந்தப் பெரியவரின் பக்கத்தை ஒரு சமூக ஊடகத்தில் நான் முறையாகப் பின்தொடர்ந்துகொண்டுதான் இருந்தேன். அவர் தம் பதிவின் இணைப்பை அங்கேயும் இட்டிருக்கிறார். ஆனால் அது என் கண்ணில் படவே இல்லை. அந்த ஐந்து வாரங்களில் நான் கேட்காத எத்தனையோ காணொளிகளையும் விளம்பரங்களையும் காட்டிய அந்த ஊடகம், நான் கேட்டிருந்த ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு பதிவைக் காட்டவில்லை. வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் என் மாணவர்களை அழைத்துச் சென்று காட்டியிருக்க வேண்டிய எழுத்துகள் அவை. அந்த வருத்தத்தில் தேடத் தொடங்கி, 2024 பொங்கலிலிருந்து இன்றுவரை நாள்தோறும் பயன்படுத்திவரும், வலைத்தளங்களில் புதிதாக எழுதப்படுவதை நம் கைப்பேசிக்கே கொண்டுவந்து சேர்க்கும் ஒரு கருவியைப் பற்றியது இந்த மதிப்புரை.

கருவியைக் காட்டியவன் என் அக்காள் மகன். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தவனிடம் தூண் கதையைச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "மாமா, நீங்க அந்தத் தளத்துக்குப் போய்ப் போய்ப் பாக்க வேண்டாம். அவரு எழுதுனா அது தானா உங்க போன்ல வந்து நிக்கிற மாதிரி வச்சுக்கலாம். இது ரொம்பப் பழைய விஷயம் மாமா" என்றான். அவன் சொன்னது வலைத்தளங்களின் செய்தியோடையை. ஆங்கிலத்தில் இதற்கு ஆர்.எஸ்.எஸ். என்ற பெயர் வழங்குகிறது. அதே மூன்றெழுத்தில் ஓர் அமைப்பும் நம் நாட்டில் இருப்பதால், பள்ளியில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே கேட்பவர் வேறொன்றை நினைத்துக்கொள்கிறார். தமிழில் செய்தியோடை என்றும், சுருக்கமாக ஓடை என்றும் நல்ல பெயர் இருக்கிறது. இங்கே அதையே பயன்படுத்துகிறேன்.

ஓடை என்பது உண்மையில் ஒரு சிறு கோப்பு. வாசகர் பார்க்கும் பக்கங்களோடு சேர்த்து, செயலிகள் படிப்பதற்கென்றே வலைத்தளம் அதைத் தன்னிடம் வைத்திருக்கும். முதல் முறை அந்தக் கோப்பை உலாவியில் அப்படியே திறந்து பார்த்தேன். மேலே வலைப்பூவின் பெயர் இருந்தது. அதன்கீழ் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, முகவரி, வெளியான நாளும் நேரமும், பிறகு பதிவின் உரை என்ற வரிசையில், கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே, வண்ணமோ படமோ விளம்பரமோ இல்லாமல் எல்லாம் அடுக்கப்பட்டிருந்தன. அந்த அடுக்கின் முதல் இடத்தில் குமிழித்தூண் பதிவு ஆவணி மாதத்துத் தேதியோடு இருந்தது. யார் வந்து கேட்டாலும் கொடுப்பதற்காக அது நான்கு மாதத்துக்கும் மேலாக அங்கேயே காத்திருந்திருக்கிறது. ஓடை வாசிப்பான் என்ற செயலியின் வேலை, நாம் கொடுத்த முகவரிகளிலுள்ள இத்தகைய கோப்புகளைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, புதிதாகச் சேர்ந்ததை மட்டும் எடுத்துவந்து நம்மிடம் வரிசையாக வைப்பதுதான். நம் மின்னஞ்சலையோ தொலைபேசி எண்ணையோ அந்தத் தளத்திடம் கொடுக்க வேண்டியதில்லை. எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று இடையில் இருந்து முடிவு செய்பவரும் இல்லை.

இந்த ஏற்பாடு பிறந்தது 1999 மார்ச்சில், அந்நாளில் இணைய உலாவிக்குப் பெயர்பெற்ற நெட்ஸ்கேப் நிறுவனத்தில். அதை வடிவமைத்த இருவருள் ஒருவரான இராமநாதன் குகா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்று அறிந்தபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி ஏற்பட்டது. பிறகு டேவ் வைனர் என்பவர் அதை எளிமையாக்கி வளர்த்தார். இன்று பெரும்பாலான தளங்கள் பின்பற்றும் இரண்டாம் பதிப்பு 2002இல் வந்தது. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் ஆட்டம் என்ற வடிவம் 2005இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. வாசகர் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, எல்லா வாசிப்பான்களும் இரண்டையும் படிக்கும். தமிழ் வலைப்பூக்கள் பெருகிய காலத்தில் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டியை அன்றைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் அது திரட்டிக் காட்டியது ஓடைகளின் துணையால்தான். ஓடை என்ற சொல்லைக் கேட்டிராதவர்களும் அதன் பயனை அப்போதே நுகர்ந்திருக்கிறார்கள்.

2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் என்ற புகழ்பெற்ற வாசிப்பான் மூடப்பட்டது. அதோடு ஓடைகளே ஒழிந்தன என்ற எண்ணம் பலரிடம் இன்றும் இருக்கிறது. மூடப்பட்டது படிக்கும் மேசை ஒன்றுதான். தளங்கள் தம் ஓடைகளை நிறுத்திவிடவில்லை. வேர்டுபிரஸ் மென்பொருளில் இயங்கும் தளம் எதுவானாலும், அதன் உரிமையாளர் வேண்டுமென்றே அணைத்து வைக்காதவரை, ஓடை தானாகவே இருக்கும். கூகுளின் பிளாகர் சேவையில் உள்ள வலைப்பூக்களிலும் அப்படித்தான். எழுதுபவருக்கே தெரியாமல் அவருடைய ஓடை ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. நான் குறிப்பிட்ட பெரியவருக்குத் தம் வலைப்பூவில் அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

நான் பயன்படுத்துவது ஃபீடர் என்ற செயலி. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கானது, இலவசமானது, விளம்பரம் இல்லாதது, மூல நிரல் திறந்து வைக்கப்பட்டது. பிளே ஸ்டோரிலும், திறந்த மூல நிரல் செயலிகளுக்கென்றே உள்ள எஃப்-டிராய்டு தளத்திலும் கிடைக்கிறது. இதில் நான் முதலில் மதித்த பண்பு, கணக்குத் தொடங்கச் சொல்லாமை. நிறுவித் திறந்தவுடன் ஓடையைச் சேர்க்கச் சொல்கிறது, சேர்த்தவுடன் படிக்கத் தருகிறது. நாம் எதைப் படிக்கிறோம் என்ற விவரம் நம் கைப்பேசியிலேயே தங்கிவிடுகிறது.

சேர்ப்பது எளிது. பெரும்பாலும் தளத்தின் முகப்பு முகவரியை ஒட்டினாலே போதும், ஓடை எங்கே இருக்கிறது என்பதைச் செயலியே கண்டுபிடித்துவிடும். ஒரு தளத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓடைகள் இருந்தால் பட்டியலிட்டுக் கேட்கும். அப்போது மறுமொழிகளுக்கான ஓடையைத் தவிர்த்துப் பதிவுகளுக்கானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் முதல் வாரத்தில் இதைக் கவனிக்காமல் ஒரு தளத்தின் மறுமொழி ஓடையைச் சேர்த்துவிட்டு, பதிவே வரவில்லை என்று காத்திருந்தேன். செயலிக்குத் தானாகக் கிடைக்காவிட்டால், வேர்டுபிரஸ் தளமானால் முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோட்டையும் ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

இப்போது என்னிடம் 46 ஓடைகள் இருக்கின்றன. அவற்றுள் 31, மாதம் ஒருமுறைகூட எழுதாதவர்களுடையவை. இந்தக் கருவியின் முழுப் பெருமையும் இந்த 31இல்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஓடை வாசிப்பானைப் பரிந்துரைப்பவர்கள் பலரும், நூற்றுக்கணக்கான செய்திகளை விரைவாகப் பார்த்துத் தள்ளலாம் என்றே அதன் பயனைச் சொல்கிறார்கள். நாள்தோறும் எழுதும் தளத்துக்கு ஓடையே தேவையில்லை, எந்த நாள் போனாலும் அங்கே புதிதாக ஏதாவது இருக்கும். எப்போது எழுதுவார் என்றே தெரியாத மனிதரின் தளத்துக்குத்தான் ஓடை வேண்டும். மாங்குளம், கீழவளவு, திருவாதவூர், அரிட்டாபட்டி, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி என மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. மாங்குளத்து எழுத்துகளை இராபர்ட் சீவெல் கண்டறிந்தது 1882இல். அதன்பின் இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்தக் குன்றுகளையும் கண்மாய்களையும் பற்றி எழுத வேண்டியது தீரவில்லை. அதை எழுதுகிறவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள் அல்லர். வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறையில் வெயிலில் அலைந்து, ஒரு கல்லைச் சரிபார்க்கவே நான்கு மாதம் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி உழைப்பவரால் வாரந்தோறும் எழுத முடியாது. வாரந்தோறும் எழுதாதவரைச் சமூக ஊடகம் முன்னே கொண்டுவந்து நிறுத்துவதில்லை. அவர்களுக்கும் நமக்கும் இடையே அறுந்துபோகாத இழையாக நிற்பது ஓடைதான்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. வேர்டுபிரஸ் தளத்தின் ஓடையில் இயல்பாகக் கடைசிப் பத்துப் பதிவுகள் இருக்கும், பிளாகரில் 25 இருக்கும். நாள்தோறும் இருபது செய்தி இடும் தளத்துக்குப் பத்துப் பதிவு என்பது அரை நாள் கணக்கு. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை எழுதுபவருக்கோ அது நான்காண்டுக் கணக்கு. அந்தப் பெரியவரின் வலைப்பூவைச் சேர்த்த அன்று இரவே அவருடைய பல ஆண்டு உழைப்பும் வரிசையாக என் கைப்பேசிக்கு வந்துவிட்டது. பழையதிலிருந்து புதியதை நோக்கிப் படிக்கும்படி வரிசையை மாற்றிக்கொண்டு, தை மாதம் முழுவதும் அதைப் படித்து முடித்தேன்.

அமைப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் செயலியைச் சரியாக அமைத்துக்கொள்ளாவிட்டால் இதுவும் நச்சரிக்கும் இன்னொரு செயலியாகிவிடும். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஓடைகளைப் பார்க்க வேண்டும் என்பதைக் கால் மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை தேர்ந்தெடுக்கலாம். நான் மூன்று மணி நேரம் என்று வைத்திருக்கிறேன். ஓடையில் சுருக்கம் மட்டும் வரும் தளங்களுக்கு, முழுக் கட்டுரையையும் தளத்திலிருந்தே எடுத்துவரும் வசதியைத் தனித்தனியே இயக்கலாம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அன்றைக்குப் படிக்க வேண்டியவை கைப்பேசிக்குள் வந்து சேர்ந்திருக்கும். மேலூரிலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ அரை மணி நேரப் பேருந்துப் பயணம். வழியில் சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிப்பு நிற்பதில்லை. யானைமலை சன்னலில் தெரியும்போது பெரும்பாலும் பட்டியல் தீர்ந்திருக்கும். தீர்ந்தது என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். படிக்காதவை எதுவும் இல்லை என்று காட்டிவிட்டு இந்தச் செயலி சும்மா இருந்துவிடுகிறது. அடுத்து இதைப் பார், அதைப் பார் என்று இழுப்பதில்லை. அதன்பின் கைப்பேசியைப் பைக்குள் வைப்பதற்கு மனக்கட்டுப்பாடு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஓடைக்கு ஓடை அறிவிப்பைத் தனியாக இயக்கவும் அணைக்கவும் முடிவது இன்னொரு சிறப்பு. 46இல் ஐந்துக்கு மட்டும் அறிவிப்பு வைத்திருக்கிறேன். அந்த ஐந்தும் மிக அரிதாக எழுதுபவர்களுடையவை. ஆகவே அறிவிப்பு ஒலி கேட்டால் அது பார்க்க வேண்டிய ஒன்றாகவே இருக்கிறது.

வேகமாக ஓடும் ஓடைகள் என்னிடம் நான்குதான். அவற்றுள் ஒன்று தி இந்து ஆங்கில நாளிதழ் தன் மதுரைப் பக்கத்துக்கென்றே தரும் ஓடை, இன்னொன்று பி.பி.சி. தமிழுடையது. ஒரு பெரிய நாளிதழின் எல்லாச் செய்திகளையும் வாங்காமல் ஊர்ப் பக்கத்தை மட்டும் தனியே பெற முடியும் என்பது பலருக்குத் தெரியாது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தி எழுந்தபோது இதன் அருமையை உணர்ந்தேன். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. மேலூர் மக்கள் எங்களுக்கு அந்த இரண்டரை மாதங்களும் வேறு பேச்சே கிடையாது. வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே படம் வெவ்வேறு தேதிகளோடு வந்தது. நின்றுவிட்டது என்று காலையில் ஒரு செய்தி, இல்லை என்று மாலையில் ஒரு செய்தி. ஓடையில் வந்தவையோ வெளியான நாளும் மணியும் குறிக்கப்பட்டு, வெளியிட்டவர் யார் என்ற பெயரோடு வரிசையாக நின்றன. 2025 சனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக நடுவண் அரசு அறிவித்தபோது, அது உண்மைதானா என்று என்னிடம் கேட்ட அண்டை வீட்டாருக்கு முந்தைய செய்திகளையும் சேர்த்து வரிசைப்படி காட்ட முடிந்தது.

வேகமான ஓடைகளில் வேண்டாதவையும் வரும். தலைப்பில் குறிப்பிட்ட சொல் இருந்தால் அதைக் காட்டாமல் விடும் தடைப்பட்டியல் இந்தச் செயலியில் உண்டு. ராசிபலன் என்ற சொல்லை அதில் சேர்த்த பிறகு என் காலைப் பட்டியல் கண்கூடாகச் சுருங்கியது.

இந்த வேகமான ஓடைகளில்தான் ஃபீடரின் அமைப்பிலேயே உள்ள ஓர் எல்லை தெரியவரும். ஓடைகளைப் போய்ப் பார்ப்பது நம் கைப்பேசியேதான். கைப்பேசி இரண்டு நாள் அணைந்து கிடந்தால், அந்த இரண்டு நாளில் ஓடைக் கோப்பில் ஏறி, அடுத்தடுத்துச் செய்திகள் வந்ததால் கீழே தள்ளப்பட்டு மறைந்தவை நமக்குக் கிடைக்காது. செய்திகளையே முதன்மையாகப் படிப்பவர்களுக்கு ஃபீட்லி போன்ற சேவைகள் ஏற்றவை. அவற்றின் கணினிகள் நமக்காக இடைவிடாமல் ஓடைகளைப் பார்த்துச் சேர்த்து வைக்கும், கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் ஒரே நிலையில் படிக்கலாம். அதற்குக் கணக்குத் தொடங்க வேண்டும், இலவசக் கணக்கில் 100 ஓடைகள் என்ற வரம்பும் உண்டு. ஐபோன் வைத்திருப்போருக்கு நெட்நியூஸ்வயர் இருக்கிறது, அதுவும் இலவசம், திறந்த மூல நிரல் உடையது. மேசைக் கணினியில் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளே ஓடைகளையும் படிக்கும். என் தேவை மெதுவான ஓடைகள் என்பதால் ஃபீடரே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

யூடியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அலைவரிசையின் முகவரியைக் கொடுத்தால் அதன் கடைசி 15 காணொளிகள் பட்டியலில் வந்து சேரும், அதற்கு யூடியூபில் கணக்கு வேண்டியதில்லை. மாணவர்களுக்குக் காட்டத் தகுந்த தொல்லியல் காணொளிகளை நான் இவ்வழியில்தான் பார்த்து வைக்கிறேன். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஓர் ஓடை இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் கீழடிக் கட்டுரையில் யாராவது ஒரு வரியைத் திருத்தினால், எந்தச் சொல் நீங்கியது, எந்தச் சொல் சேர்ந்தது என்பது என் பட்டியலுக்கு வந்துவிடும். வகுப்பில் பாடம் எடுப்பவனுக்கு இது சிறிய உதவி அன்று.

கட்டுரையை உரக்கப் படித்துக் காட்டும் வசதியும் செயலியில் உண்டு. கைப்பேசியில் தமிழ்க் குரல் நிறுவப்பட்டிருந்தால் அதைக் கொண்டு படிக்கும். கண் மங்கிய என் தாயாருக்குச் சிறு கட்டுரைகளை இப்படிப் போட்டுக் கொடுக்கிறேன். கல்வெட்டு வாசகங்கள் வரும் இடங்களில் மட்டும் அந்தக் குரல் தடுமாறும், அங்கே நான் குறுக்கிட்டுப் படித்துவிடுகிறேன்.

குறைகள் உண்டு. அவற்றுள் பெரியவை செயலியினுடையவை அல்ல, தளங்களினுடையவை. நான் விரும்பிப் படித்த ஒரு தமிழ் இதழின் தளம் புது வடிவத்துக்கு மாறியபோது அதன் ஓடை நின்றுவிட்டது. இரண்டு மாதம் எதுவும் வராததால் அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். மெதுவான ஓடைகளில் இது உண்மையான இடர். மௌனம் என்றால் அவர் எழுதவில்லை என்றும் பொருள்படலாம், ஓடை அறுந்துவிட்டது என்றும் பொருள்படலாம். ஆகையால் ஆண்டுக்கு இருமுறை, கோடை விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும், நீண்ட நாள் பேசாத ஓடைகளின் தளங்களை நேரில் திறந்து பார்த்துவிடுகிறேன். சில தளங்கள் ஓடையில் இரண்டு வரி மட்டும் கொடுத்துவிட்டு மீதியைத் தளத்துக்கு வந்து படி என்கின்றன. விளம்பர வருவாயில் நடப்பவர்கள் அப்படிச் செய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, நான் போய்ப் படிக்கிறேன்.

எல்லாவற்றிலும் வருந்தத் தக்கது வேறு. வலைப்பூ எழுதிக்கொண்டிருந்த பலர் அதை விட்டு முகநூலுக்கே குடிபோய்விட்டார்கள். முகநூல் ஓடை தருவதில்லை. அங்கே எழுதப்படும் அரிய குறிப்பு ஒன்றை இந்தச் செயலி என்ன, எந்தச் செயலியாலும் இந்த முறையில் கொண்டுவர இயலாது. மூன்றாண்டு கழித்து ஒரு கல்வெட்டுக் குறிப்பை அங்கே தேடிப் பார்த்தவர்களுக்கு அந்தத் துன்பம் தெரியும். எழுதுகிறவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: முகநூலில் எழுதுங்கள், அதே உரையை உங்கள் வலைப்பூவிலும் ஒருமுறை ஒட்டிவையுங்கள். உங்களுக்கு அது இரண்டு நிமிட வேலை.

ஓடைப் பட்டியலைப் படியெடுத்து வைப்பதைப் பற்றி ஒரு செய்தி. ஃபீடருக்கு முன் சில நாட்கள் வேறொரு சிறு செயலியைப் பயன்படுத்தினேன். அது ஒரு நாள் திறக்கவே மறுத்துவிட்டது, சேர்த்திருந்த முகவரிகள் எல்லாம் அதோடு போயின. ஓ.பி.எம்.எல். என்ற பொதுவான கோப்பு வடிவம் இதற்காகவே இருக்கிறது. ஃபீடரின் பட்டியலில் ஏற்றுமதி என்பதைத் தொட்டால் 46 முகவரிகளும் ஒரே சிறு கோப்பாகக் கிடைக்கும். அதை வேறு எந்த வாசிப்பானிலும் இறக்கிக்கொள்ளலாம். இப்போது மாதம் பிறந்தால் அதை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்கிறேன். திருமங்கலத்தில் பணியாற்றும் ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டபோது அதே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான் ஓராண்டாகத் தேடிச் சேர்த்த பட்டியல் ஒரு நிமிடத்தில் அவருடையதாகிவிட்டது. அவர் அதிலிருந்து பத்தை நீக்கிவிட்டு, சோழவந்தான் பக்கத்துக் கோயில்களைப் பற்றி எழுதும் ஒருவரின் ஓடையை எனக்குத் திருப்பி அனுப்பினார்.

சென்ற மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து மேலூர் நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது அறிவிப்பு ஒலித்தது. அந்தப் பெரியவரின் வலைப்பூ. ஏழு மாதமாக அதில் எதுவும் வந்திருக்கவில்லை. வற்றிக் கிடக்கும் வேறொரு கண்மாயில், தூண் ஒன்றின் அடியில் நான்கு வரி எழுத்துகள் வெளிப்பட்டிருக்கின்றன என்று படத்தோடு எழுதியிருந்தார். அந்தச் சனிக்கிழமையே எட்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு போனேன். கரையில் குடையோடு நின்றிருந்தவர், "போட்டு நாலு நாள்கூட ஆகலையே சார், எப்படிப் பாத்தீங்க?" என்று வியந்தார். "நீங்க எழுதுன அன்னிக்கே வந்துருச்சுங்கய்யா" என்று சொல்லிக் கைப்பேசியைக் காட்டினேன். அவர் தம் வலைப்பூவின் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

மூன்றாம் வரியில் ஓர் எழுத்து சிதைந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தரையில் அமர்ந்து, பக்கவாட்டில் வெயில் விழும் நேரம் பார்த்து அதை நோட்டில் வரைந்தாள். அவளுடைய வரைபடத்தைத் தாம் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலை, ஒத்தக்கடை வருவதற்குள், அந்த வரைபடத்தோடு ஒரு புதிய பதிவு என் பட்டியலின் முதல் வரியாக வந்து நின்றது.